எண்ணூற்றுப் பதினான்கு கேள்விகள்

என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்லும் ஆபீஸ்காரர்களில் ஒருத்தராவது ஒரு கணினியின் கர்னலை முதலிலிருந்து கடைசி வரை கட்டமைத்துப் பார்த்திருந்தால் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கியிருப்பார். மொத்தம் எண்ணூற்றுப் பதினான்கு கேள்விகள். எந்த ப்ராசஸர், அதில் கணக்குப் போடும் மையங்கள் எத்தனை ஓட வேண்டும், மெமரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதை எவ்வளவு பெரிய துண்டுகளாக வெட்டுவது, கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை தட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் தட்ட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உதவிக்குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். எந்தக் காலத்திலோ எந்த மகானுபாவரோ எழுதியது. அதில் முக்கால்வாசி ஒரே வரியில்தான் முடியும்: சந்தேகமாக இருந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லவும்.

கர்னல் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு கணினிக்குள் யார் எப்போது வேலை செய்ய வேண்டும், யாருக்கு எவ்வளவு இடம் என்று அதட்டிக்கொண்டே இருக்கும் மேஸ்திரி. வேலை தொடங்கும் முன் அந்த மேஸ்திரிக்கு நாம் சொல்லிவைப்பதுதான் இந்தக் கேள்வி பதிலெல்லாம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பெயர் கிருஷ்ணவேணி, ஆபீசில் வேணிக்கா. கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி செய்வது துணைக்கை. மெஷினிலோ விபத்திலோ கை போனவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பொருத்திவிடுகிறதே, நினைத்தால் விரல் அசைகிற கை, அதுதான். அதன் மணிக்கட்டுக்குள் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பின் கர்னல் என் வேலை. அந்த மாடல் வெளிவந்து ஆறு வருடத்தில் நாற்பத்தோராயிரம் பேர் போட்டிருந்தார்கள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது.

“வேணிக்கா, ரெண்டு பேரு வந்து உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறாங்க. கொஞ்சம் வந்து பேசறீங்களா?”

ஆளை விரட்ட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், பின் குத்திய பருத்திப் புடவை, வலது கை எங்கள் துணைக்கை. பக்கத்தில் அவளுடைய கணவன், நகக்கண்ணில் கிரீஸ். என்ன புகார் என்று அவளிடம் கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை, இரண்டு கையையும் தூக்கினாள்.

“அவளுக்குக் காது கேக்காதுங்க மேடம். சைகையிலதான் பேசுவா. நான் சொல்றேனுங்க” என்றான் அவன். “என் பேரு சென்னியப்பன், பம்பு கம்பெனியில லேத்து ஓட்டறேன். இவ தமயந்தி. போத்தனூர் பக்கம் காது கேளாத பசங்க படிக்கற ஸ்கூல்ல கணக்கு டீச்சருங்க. பஸ் கவுந்ததுல கையி போச்சு. ஆறு வருசமா உங்க கையிதான்.”

அவள் பேசுவதைப் பார்த்தேன். எனக்குச் சைகை மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் ஒன்று தெரிந்தது. இடது கை ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போன பிறகுதான் வலது கை வந்து சேர்ந்தது.

“சர்வீஸ் சென்டருக்கு ஒம்போது தடவை போயாச்சுங்க. கையில குறையில்லை, இவங்க மூளை இன்னும் பழகலை, பயிற்சி எடுங்கங்கறாங்க. இன்னும் எத்தனை வருசமுங்க பழகறது?”

“அவங்க சொன்னதுல தப்பில்லை” என்றேன். “நொடியில மூணுல ஒரு பங்கு தாமதம் எல்லாக் கையிலயும் இருக்கும். அனுமதிச்ச அளவுதான். டம்ளர் புடிக்கலாம், சாவி திருகலாம், முட்டையை உடையாம எடுக்கலாம். அத்தனையும் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறோம்.”

அவன் சைகையில் சொன்னான். அவள் முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் கைகளை ஆட்டினாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கொஞ்சம் பாத்துச் செய்யுங்கன்னு சொல்றாளுங்க” என்றான்.

“இவ்வளவு நேரம் சொன்னது அவ்வளவுதானா?”

“மரியாதைக் கொறைவா இருந்ததெல்லாம் எடுத்துட்டேனுங்க மேடம்.”

அவள் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து இடது கையால் கோணல்மாணலாக எழுதி என் முன்னால் தள்ளினாள். ‘உங்கள் நாக்கில் பாதி மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பிந்தி வந்தால், பழகிக்கொள்வீர்களா?’

விரட்ட வந்தவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அவர்கள் மொழியில் பாதிக்கு மேல் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சேர வேண்டிய சைகைகள் என்று சென்னியப்பன் விளக்கினான். எழுத்துகளே அப்படித்தான், ஒரு கையின் விரலை மறு கை தொட வேண்டும். தொடுவதற்குள் முதல் கை அடுத்த எழுத்துக்குப் போய்விட்டால் சொல்லே வேறாகிவிடும். அவள் வட்டம் என்று வரைந்தால் பிள்ளைகளுக்கு அரைவட்டம் தெரிகிறது. மெதுவாகச் சொன்னால் புரிகிறது, ஆனால் ஒரு கணக்கைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த சைகைப் பெயர் முன்பு பட்டாசு, இப்போது நத்தை.

“பெத்தவங்க எழுதிக் குடுத்துட்டாங்க மேடம், புரியலைன்னு. ஒண்ணாந் தேதி ஸ்கூல் தொறக்குது. இவளுக்குக் கிளாஸ் கெடையாது, லைப்ரரியில புஸ்தகம் அடுக்கோணுமாம். அதுகூடப் போகுதுங்க. வீட்டுலயே பேச்சை நிறுத்திட்டா. ரெண்டு சைகையில முடிச்சுக்கறா. எங்கூடவே முடிச்சுக்கறா.”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் பார்க்கப் போனேன்.

சீட்டுக்கு வந்து துணைக்கையின் கட்டமைப்புக் கோப்பைத் திறந்தேன். எண்ணூற்றுப் பதினான்கு பதிலும் வரிசையாக இருக்கும் விடைத்தாள் அது. மேலேயே கண்ணை உறுத்தியது: ப்ராசஸர் வகை, பழைய மாடலுடையது. புதிய சிப்பும் அந்தப் பதிலோடு ஓடும், ஆனால் தன் திறமை எதையும் காட்டாமல் ஓடும். இரண்டாவது மையத்தை எழுப்பலாமா? வேண்டாம். தசமக் கணக்குக்குச் சிப்பிலேயே இருக்கும் தனிப் பிரிவைப் பயன்படுத்தலாமா? வேண்டாம். மெமரி அளவு அறுபத்து நான்கு. அடப்பாவி, சிப்பில் இருப்பது இருநூற்று ஐம்பத்தாறு! எந்தக் கழுதை இதைச் செய்தது என்று தலைப்பைப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்து. செய்தவர்: கி.வே.

நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது மாடல் வந்தால் யாரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. பழைய விடைத்தாளைக் காப்பி செய்துகொள்வோம். புதிதாக வந்த கேள்விகளை மட்டும் கர்னல் கேட்கும். எண்டர் பட்டனைத் தட்டினால் அதற்கென்று இருக்கும் வழக்கமான பதிலை எடுத்துக்கொள்ளும். அமுக்கிப் பிடித்தால் கேள்விகள் பொலபொலவென்று ஓடிவிடும். இதைச் செய்யாத ஆள் எங்களில் ஒருத்தர் கிடையாது. எனக்கு விரல் வலிக்கும் என்று எவர்சில்வர் டிபன் பாக்ஸை எண்டர் பட்டன்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அன்றைக்கும் போனேன். தயிர்சாதம் கட்டிய டப்பா, நல்ல கனம்.

நாற்பத்தோராயிரம் பேரின் விரல்களுக்கு என் தயிர்சாதம் பதில் சொல்லியிருந்தது. டம்ளர், சாவி, முட்டை எல்லாம் தேறிவிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கையால் பேசுகிறவர் ஒருத்தர்கூட எங்கள் டெஸ்ட் குழுவில் இல்லை. எத்தனை தையற்காரர்கள், எத்தனை டைப்பிஸ்டுகள் தங்கள் மூளைதான் மந்தம் என்று நம்பிக்கொண்டு வேலையை விட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் தப்புக்குக் கத்தியவள் நான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பார்த்திபனிடம் போனேன். அவர் எங்கள் தொழில்நுட்பத் தலைவர். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“வேணி, இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?”

“இன்னும் இல்லை. செயற்கை உறுப்பு வாரியத்துக்கு எழுதப் போறேன்.”

“எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சியா? கையில குறைன்னு நாமளே ஒத்துக்கிட்டா விதி தெளிவா இருக்கு. அத்தனை கையையும் கழட்டித் திருப்பி வாங்கணும். மறுபடி அங்கீகாரம் வாங்க ரெண்டு வருஷம். நாற்பத்தோராயிரம் பேர் ரெண்டு வருஷம் மொட்டைக் கையோட உக்காந்திருக்கணும். மெதுவான கை தேவலையா, கையே இல்லாம இருக்கறது தேவலையா?”

“அடுத்த மாடல்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு சொல்றீங்க.”

“ஆமா. அதுதான் யாருக்கும் வலிக்காம முடியும்.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் ரெண்டு கத்து கத்திவிட்டு வந்திருப்பேன். “தமயந்திக்கு வலிக்குது சார்” என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போட்டிருப்பவர் சம்மதித்தால் ஒரே ஒரு கையைச் சோதனைக்காக மாற்ற விதியில் இடம் உண்டு என்றும், அதற்கு மட்டும் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவர்களை வரவழைத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். டிபன் பாக்ஸ் உட்பட எல்லாம் சொன்னேன். சென்னியப்பனுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

“இதை அவகிட்ட எப்படிங்க சொல்றது?”

“அப்படியே சொல்லுங்க. என்னைக் காப்பாத்தறேன்னு மரியாதையா மாத்தாதீங்க.”

சொன்னான். தமயந்தி எழுந்து நின்றாள். அறையத்தான் போகிறாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. திரும்பி வந்து, இடது கையால் மட்டும் கேட்டாள். சென்னியப்பன் எழுத்து மாறாமல் சொன்னான்.

“ ‘இந்த ஆறு வருசத்துல நான் லூசுன்னு நானே நம்பிட்டேன், தெரியுமா’ன்னு கேக்கறாளுங்க.”

“தெரியும்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை” என்றேன்.

பிறகு அவள் கேட்டது மற்றவர்களைப் பற்றி. எத்தனை பேர்? பார்த்திபன் சொன்ன சிக்கலையும் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு நோட்டில் எழுதினாள். ‘முதலில் என் கையில் சரி செய்து காட்டுங்கள். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கேள்விக்கும் நான் பக்கத்தில் இருப்பேன். என்னைக் கேட்காமல் ஒரு பதிலும் தட்டக்கூடாது.’

எண்ணூற்றுப் பதினான்கும் படிப்பதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

நான்கு நாள் ஆயிற்று. சென்னியப்பன் லீவு போட்டான். காலை ஒன்பதுக்கு வந்து சாயங்காலம் ஐந்து வரை மூவரும் லேபில் உட்கார்ந்தோம். பேச்சைக் கேட்டால் ஏதோ கல்யாணச் சாமான் பட்டியல் சரிபார்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

“இந்தச் சிப்புக்குள்ள ரெண்டு பேர் வேலைக்கு இருக்காங்க. ஒருத்தனை நான் தூங்க வெச்சுட்டேன். எழுப்பட்டுமான்னு கேக்குது.”

“எழுப்புங்கறாளுங்க. இன்னும் ரெண்டு திட்டும் சேத்திச் சொன்னா.”

“மெமரி இருநூத்தம்பத்தாறு இருக்கு. நம்ம மேஸ்திரிக்கு அறுபத்து நாலுதான் தெரியும். விரல் அசைவுக்கான அட்டவணை அத்தனையும் அதுக்குள்ள அடங்காது. அதனால ஒவ்வொரு அசைவுக்கும் ஒண்ணை எறக்கி வெச்சுட்டு இன்னொண்ணை ஏத்துது. முக்கால் வீட்டைப் பூட்டிட்டுக் கால் வீட்டுல குடித்தனம் பண்ற மாதிரி.”

தமயந்தி மூன்று, நான்கு என்று விரலைக் காட்டி முக்கால் என்றாள். தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில் அல்ல, தன் தலையில்.

மெமரி, ப்ராசஸர், கடிகாரத் தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு சைகை உண்டாக்கிக்கொண்டாள். எனக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்தாள்: ஒரு உள்ளங்கையின்மேல் இன்னொரு கையைக் கனமாக வைத்து அமுக்குவது. டிபன் பாக்ஸ். சென்னியப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்தான்.

நானூற்றுச் சொச்சத்தில் ஒரு கேள்வி வந்தது. ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அவசரமான இன்னொன்று வந்தால் முதலாவதைப் பாதியில் நிறுத்தலாமா? வழக்கமான பதில் வேண்டாம். எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. நானும் பழக்க தோஷத்தில் வேண்டாம் என்று தட்டப் போனேன். தமயந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்கறாங்க?”

“ ‘சண்டையில நீங்க பாதி வார்த்தையில நிறுத்திட்டு வேற சொல்ல மாட்டீங்களா?’ன்னு கேக்கறாளுங்க. அந்த உரிமை வேணுமாம்.”

எனக்கு உறைத்தது. முட்டையை எடுக்கிற கை எடுத்துத்தான் முடிக்க வேண்டும். பேசுகிற கைக்கு அது ஆகாது. மனம் மாறிய கணத்தில் கை மாற வேண்டும். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது அவளுக்கு ஒரு நொடியில் தோன்றியது. ‘ஆம்’ என்று தட்டினேன். எல்லாவற்றையும் எழுப்பிவிட்டால் பதினெட்டு மணி நேரம் வந்த பேட்டரி பதினொன்றுதான் வரும் என்று எச்சரித்தேன். பதினோரு மணி நேரம் நான் பேசுகிறேன், மிச்ச நேரம் இவர் பேசட்டும் என்று கணவனைக் காட்டினாள்.

ஐந்நூற்றுத் தொண்ணூறில் மெமரி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டது. உதவிக்குறிப்பைப் படிக்கச் சொல்லி அவள் விரலை நீட்டினாள். “இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்” என்று சொல்லித் தட்டிவிட்டேன்.

நான்காம் நாள் மதியம் புதுக் கர்னலைக் கையில் ஏற்றினோம். கை ஒரு தரம் சிலிர்த்தது. விரல்கள் விரிந்தன. நான் குனிந்து பார்த்தேன், அந்த நேரம் பார்த்து கை முஷ்டியாக இறுகி என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்துக்கொண்டது. அப்படியே செத்துவிட்டது. நான் அவள் மடியை நோக்கிக் குனிந்தபடி மாட்டிக்கொண்டேன். மெதுவான கையையும் கெடுத்துவிட்டேனா? ஒன்றாந் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

சென்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்து பேட்டரியைக் கழற்றப் போராடினான். நாடா குலுங்குவது தெரிந்து நிமிர முடியாமல் நிமிர்ந்து பார்த்தேன். தமயந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இடது கையால் திரையில் ஒரு வரியைக் காட்டினாள். நான் படிக்காமல் விட்ட உதவிக்குறிப்பு. ‘மெமரியின் முதல் பதினாறு பங்கு, மோட்டார்களின் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. அதை விட்டுத் தொடங்கவும்.’

கர்னல் போய் மோட்டார் காவலாளியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அவன் பயந்து கையைப் பூட்டிவிட்டான். ஒரே ஒரு எண். திருத்தினேன். இந்த முறை அவள் படித்துத் தலையசைத்த பிறகுதான் தட்டினேன்.

மறுபடி ஏற்றினோம். கை விழித்தது. தமயந்தி இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கினாள். இரண்டும் ஒன்றாக எழுந்தன.

ஒரு வட்டம் வரைந்தாள். முழு வட்டம். இன்னொன்று வரைந்தாள், வேகமாக. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அவள் கைகள் ஆரம்பித்தன. அம்மாடி! அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. விரல்கள் மோதின, பிரிந்தன, பாதியில் நின்று வேறு பக்கம் பாய்ந்தன, புருவமும் உதடும் தோளும் சேர்ந்துகொண்டன. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. சென்னியப்பன் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை.

“என்னங்க சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“எல்லாமேங்க…” என்றான், அவள் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்கம்மா போன தீவாளிக்குச் சொன்ன ஒரு சொல்லுக்கு இன்னைக்குப் பதில் சொல்றா. ஆஸ்பத்திரியில நான் தூங்கிட்டேனாம், அதுக்குத் திட்டறா. ஆறு வருசத்துக் கதை மொத்தமா வருதுங்க. இவ வாயாடிங்கறதே எனக்கு மறந்து போயிருந்துதுங்க அக்கா.” அழுதுகொண்டே சிரித்தான். முதல் முறையாக என்னை அக்கா என்றான்.

அன்றைக்கே வாரியத்துக்கு எழுதினேன். பார்த்திபனுக்கும் ஒரு நகல் வைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கூப்பிடவே இல்லை. மே இருபத்தொன்பதாம் தேதியே சென்னையில் அவசர விசாரணை வைத்தார்கள். செயற்கை உறுப்பு வாரியத்தில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தமயந்தியும் சென்னியப்பனும் என்னோடு வந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் பார்த்திபன் வந்து உட்கார்ந்திருந்தார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“டிபன் பாக்ஸா?” என்று தலைவர் நிறுத்திக் கேட்டார்.

“ஆமாங்க ஐயா. எவர்சில்வர்.”

“அம்மா, குறையை நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு விதிப்படி எல்லாக் கையையும் திருப்பி எடுக்க வேண்டும். இந்தப் பெண்ணின் கையையும் சேர்த்துத்தான். தெரியும்தானே?”

“தெரியுமுங்க. அதே விதியில அடுத்த பிரிவையும் படிச்சேன். கையைத் திறக்காம, கர்னலை மட்டும் மாத்தினாலே குறை தீந்துடும்னு வாரியம் கண்ணால பாத்தா, திருப்பி எடுக்க வேண்டியதில்லை. கையெல்லாம் நெட்வொர்க்குல இருக்கு. இங்கிருந்தே அனுப்பிடலாம். ஒருத்தர் கையையும் கழட்ட வேண்டாம்.”

வாரியத்தில் ஒரு டாக்டர் இருந்தார். தமயந்தியின் பழைய மருத்துவக் கோப்பைப் புரட்டிக்கொண்டே, “இந்த நோயாளிக்குத் தாமதம் கையில் இல்லை” என்றார். “மூளை பழகுவதில்தான் பிரச்சினை. ஒன்பது முறை பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். கை மாறினால் கொஞ்சம் உற்சாகம் வரும், அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவரோ கம்பெனி ஆளோ மொழிபெயர்த்தால் நான் ஏற்க மாட்டேன்.”

“அரசு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்” என்றார் தலைவர். “அவரே சொல்லட்டும். தமயந்தி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.”

இந்த அறையை விட்டு அவள் கையோடு போவாளா, கையில்லாமல் போவாளா என்பது இனி அவளிடம்தான் இருந்தது. சென்னியப்பன் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

மொழிபெயர்ப்பாளர் இருபது வருட அனுபவமுள்ளவர் என்று சொன்னார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகத் தொடங்கினார். “என் பெயர் தமயந்தி. நான் கணக்கு ஆசிரியை. ஆறு வருடமாக…” முதல் நிமிடம் சரியாகப் போயிற்று. பிறகு தமயந்திக்குச் சூடு பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியம் பின்தங்கினார். அப்புறம் இரண்டு. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஒன்பது முறையும்… இல்லை, அதற்கு முன்… பெற்றோர்கள்… மன்னிக்கணும்…” தண்ணீர் குடித்தார். தமயந்தி நிறுத்தவில்லை. பாதிச் சொல்லில் மனம் மாறி வேறு சொல்லுக்குத் தாவினாள், டாக்டரைக் காட்டி ஏதோ கேட்டாள், பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. என்னால தொடர முடியலை.”

தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கோப்பைப் பார்த்தார். பிறகு அதை மூடி ஓரமாக வைத்தார். பார்த்திபன் தன்னை மறந்து நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் தலைவர், குறிப்பெடுப்பவரிடம். “சாட்சி மிக வேகமாகப் பேசுகிறார். இருபது வருட அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வாரியம் கண்ணால் பார்த்தது. கைகளைத் திருப்பி எடுக்க வேண்டியதில்லை. புதிய கர்னலை நாற்பத்தோராயிரம் கைகளுக்கும் ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். இந்தச் சாட்சியத்தின் நகலை அவருடைய பள்ளிக்கும் அனுப்புங்கள்.” என் பக்கம் திரும்பி, “உங்களைப் பற்றித் தனியாகப் பேசுவோம்” என்றார். பேசட்டும். வேலையைப் பிடுங்கினாலும் சந்தோஷமாகப் போவேன் என்று இருந்தது எனக்கு. சென்னியப்பன் என் முழங்கையை நசுக்கிவிட்டான்.

தமயந்தி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தீர்ப்பை அவளுக்குச் சைகையில் சொன்ன மொழிபெயர்ப்பாளர், மிச்சத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவள் ஒரு கணம் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“ ‘ஆறு வருஷம் மெதுவாத்தான் பேசினேன். நின்னு கேக்க ஒருத்தரும் இல்லை. இனிமே என்னால முடியாது’ன்னு சொல்றாங்க, ஐயா.”

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தமயந்தி நான்கு வாக்கியம் தாண்டிப் போயிருந்தாள்.